மெதனோல் தண்ணியும் முதலாம் சிலிண்டரும்

என்னுடைய கார் 1.6 லீற்றர் டொயோட்டா லெவின். 4ஏ-ஜிஸெட்ஈ எஞ்சின், கம்பனியே சூப்பர்சார்ஜர் (எஞ்சினின் பெல்டில் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சாமான்) பூட்டி 170 குதிரைவலு என்று விட்டது. 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டின பிறகு புதுசு வாங்கும் கதையை மறந்துவிட்டு, இருக்கிறதையே கொஞ்சம் தீட்டுவம் என்று தொடங்கினேன். சாஜரைச் சுழற்றும் கிராங்க் பூலியைப் பெரிதாக்க, பூஸ்ட், அதாவது அது தள்ளும் காற்றின் அமுக்கம், 9 பி.எஸ்.ஐயில் இருந்து 12க்கு ஏறியது. கூடவே நொக்கும், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் சூட்டில் தானாகவே வெடிக்கும் தட்டலும், வந்து சேர்ந்தது. மூன்றாம் கியரில் மிதித்தால் தகரப் பேணிக்குள் கச்சான் கொட்டை குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கிளிநொச்சியில் ஓகஸ்ட் மத்தியானம் காற்றே 35 பாகை. அதை 12 பி.எஸ்.ஐக்கு அமுக்கினால், ஒரு பிழையும் இல்லாத சாஜர் என்றாலும் 57 பாகை கூடும். இந்த எஞ்சினில் இருப்பது ரூட்ஸ் வகை, பாதி வினைத்திறன் என்று வைத்தால் அந்த 57 இரட்டிப்பாகி, வெளியே வரும் காற்று 150 பாகையைத் தொடும். பழைய 9 பி.எஸ்.ஐயில் இதே கணக்கு 125 பக்கம்தான் வரும். அந்தக் காற்றைக் குளிராக்கும் இன்ரர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே குந்தியிருப்பதால் பரந்தன் சந்தியில் ஒரு லொறிக்குப் பின்னால் ஐந்து நிமிசம் நின்றால் அதுவே சூடேற்றி ஆகிவிடும். நொக்கைக் கூடத் தாங்கும் 95 ஒக்டேன் பெற்றோல் எங்கள் பக்கத்து செட்டுகளில் இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. ஆக 92 அடித்தாலும் தாங்கவேணும், சூட்டையும் இறக்கவேணும். தண்ணியும் மெதனோல் என்ற மதுசாரமும் கலந்து எஞ்சின் காற்று இழுக்கும் வழிக்குள் பனிமாதிரி அடிக்கும் கிட்டில் போய் நின்றது அதனால்தான். "தம்பி, தண்ணி போனா எஞ்சின் செத்துப்போகும் எண்டுதான் நாங்கள் படிச்சது" என்று என்ர கராச்கார அண்ணை சிரித்தார். சாமானுக்கும் கூரியருக்கும் சுங்கத்துக்குமாக 1,45,000 ரூபாய் போனது.

தத்துவம் நல்லது, அதில் பொய் இல்லை. ஒரு கிலோ தண்ணி ஆவியாக ஏறக்குறைய 2,250 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும், மெதனோல் 1,100 சொச்சம், பெற்றோல் 350 பக்கம்தான். மெதனோல் அதோடு தானும் எரிந்து, ஒக்டேனையும் தூக்கிவிடும். உலகப் போர்க் காலத்து ஜேர்மன் விமானங்களே பாதித் தண்ணி பாதி மெதனோல் அடித்துப் பறந்தவை. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெற்பயர் காரிலும் இதே கலவைக்கு ஒரு தனிப் போத்தல் இருந்தது. அந்தக் காரைப் பற்றி நான் முதலே கவனித்திருக்க வேண்டிய விசயம் வேறு. போத்தல் வெறுமையானால் பூஸ்ட் தானாகவே குறையும்படி அதைச் செய்திருந்தார்கள். அறுபது வருசத்துக்குப் பிறகு அதே வேலையைச் செய்த நான் அந்தப் பகுதியை மட்டும் "பிறகு பார்ப்பம்" என்று தள்ளிவைத்தேன்.

முதல் பிழை, பனி அடிக்கும் நொசிலின் அளவில். கிட்டோடு மூன்று நொசில் வந்தது, நடு அளவு பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்து நிமிசத்துக்கு 500 மி.லி. அடிப்பதைப் பூட்டினேன். எஞ்சின் மூச்சுத் திணறி, பனிமூட்டத்துக்குள் ஓடுகிற மாதிரி விக்கியது. கணக்கு இப்படிப் போடவேணும். 200 குதிரைவலு எதிர்பார்க்கிறம் என்றால் சூப்பர்சார்ஜ் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 54 கிலோ பெற்றோல் குடிக்கும், அதாவது நிமிசத்துக்கு 1,200 மி.லி. சொச்சம். கலவை அதில் 15 வீதம் என்றால் 180 மி.லி. போதும். நொசிலில் எழுதியிருக்கும் அளவு எந்த அமுக்கத்துக்கு என்பதையும் பாருங்கோ. 100 பி.எஸ்.ஐக்கு 160 மி.லி. என்று எழுதின நொசிலை 150 பி.எஸ்.ஐ பம்பில் பூட்டினால், எதிரே நிற்கும் 12 பூஸ்டைக் கழித்து மிச்சம் 138. அமுக்கம் கூடுகிற அளவுக்கு ஓட்டம் கூடாது, அதன் வர்க்கமூலத்துக்குத்தான் கூடும், ஆகவே 188 மி.லி. வரும். எனக்குச் சரியான நொசில் அதுதான். அதையும் இரண்டொரு இணைப்புகளையும் வாங்க இன்னொரு 22,000.

அதற்குப் பிறகும் கீழ்ச் சுற்றில் விக்கல் நிற்கவில்லை. டேர்போக் காருக்கு (அதில் சாஜரைச் சுழற்றுவது எஞ்சின் புகை) எழுதின விளக்கங்களை வாசித்துவிட்டு சூப்பர்சார்ஜரில் கைவைக்கும் எல்லாரும் இந்த இடத்தில்தான் விழுவார்கள். டேர்போவில் பூஸ்டும் காற்றின் அளவும் ஓரளவு சேர்ந்து ஏறும், அதனால் பூஸ்டைப் பார்த்துத் தண்ணி அடிக்கலாம். ரூட்ஸ் சாஜரில் நிமிசத்துக்கு 2,500 சுற்றிலேயே முழுப் பூஸ்டும் வந்துவிடும், 7,000இலும் கிட்டத்தட்ட அதே பூஸ்ட்தான். எஞ்சின் இழுக்கிற காற்றோ மூன்று மடங்கு வித்தியாசம். 7,000இல் 15 வீதமாக இருக்கிற தண்ணி 2,500இல் 42 வீதம் ஆகிவிடும். அதில் எந்த எஞ்சின் எரியும்? கிட்டோடு வரும் பூஸ்ட் பார்க்கும் கொன்ட்ரோலரை நம்பாமல், பூஸ்டும் சுற்றும் இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கும்படி வைக்கவேணும். நான் மெகாஸ்குவேர்ட் ஈ.சீ.யூ (எஞ்சினை ஆளும் கணினி) போட்டிருந்தபடியால் அதன் வெளியீட்டில் 5 பி.எஸ்.ஐக்கு மேலும் 3,800 சுற்றுக்கு மேலும் என்று இரண்டு நிபந்தனை கொடுத்தேன். வசதி இருந்தால் இரண்டு சின்ன நொசில் பூட்டி, ஒன்றை 3,000இலும் மற்றதை 4,500இலும் திறக்கலாம், அது இன்னும் ஒழுங்கு. பம்பை மெதுவாக ஓட்டி அளவைக் குறைக்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. அமுக்கம் 60, 70 பி.எஸ்.ஐக்குக் கீழே போனால் நொசிலில் இருந்து பனி வராது, சொட்டுத்தான் விழும்.

அடுத்தது சொலனோயிட், பம்ப் நிற்கும்போது குழாயை மூடும் மின் வால்வு. செலவைக் குறைக்க அதைப் பூட்டாமல், நொசிலோடு வந்த சின்ன வால்வே போதும் என்று விட்டேன். இந்த எஞ்சினில் காற்றைத் திறந்து மூடும் திரொட்டில் சாஜருக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே காலை எடுத்தவுடன் சாஜர், இன்ரர்கூலர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மனிபோல்ட் எல்லாமே வெற்றிடத்துக்குள் போய்விடும். நொசில் இருப்பதும் அதற்குள்தான். டிக்கியில் உயர்ந்து நிற்கும் தாங்கியில் இருந்து கலவையை அது சப்பி இழுக்கும். ஒரு வாரமாக ஐடிலில் எஞ்சின் தள்ளாடியது, நான் பிளக்கைச் சந்தேகித்தேன், சென்சரைச் சந்தேகித்தேன். ஒரு காலமை ஸ்டார்ட் அடிக்க "டொக்" என்று நின்றது. பிளக் நாலையும் கழற்றிச் சுழற்ற ஒரு துளையில் இருந்து தண்ணி பீச்சி அடித்தது. தெய்வாதீனமாகப் பிஸ்டனைத் தாங்கும் கொன்றொட் வளையவில்லை. பிறகுதான் அளந்து பார்த்தேன். உள்விட்டம் 4 மி.மீ., நீளம் நாலரை மீற்றர் என்றால் குழாய்க்குள் நிற்பது 56 மி.லி. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் 50 மி.லி.தான். தண்ணியை அமுக்க ஏலாது. ஆகவே நொசிலுக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள், மெதனோல் தாங்கும் சொலனோயிட் கட்டாயம். குழாய் எப்போதும் நிரம்பி நிற்பதால் மிதித்தவுடன் பனி வரும் என்பது இன்னொரு இலாபம். பம்பை மட்டும் தாங்கிக்குக் கீழே வையுங்கோ, மேலே இருந்து உறிஞ்ச விட்டால் காற்றுப் பிடிக்கும். பற்றரியில் இருந்து நேரே வயர், 15 அம்பியர் பியூஸ், ரிலே. டிக்கி விளக்கின் வயரில் கொழுவுகிற வேலை வேண்டாம்.

நொசில் பூட்டும் இடத்தைப் பற்றியும் சொல்லவேணும். சாஜருக்கு முன்னால் அடித்தால் ரோட்டருக்கும் நல்லது என்று சிலர் சொல்வார்கள், தெருவில் ஓடும் காருக்கு நான் அதைச் செய்யமாட்டேன். இன்ரர்கூலருக்கு முன்னால் அடித்தால் தண்ணி அதன் சுவரில் ஒட்டித் தேங்கும். இன்ரர்கூலருக்குப் பிறகு, மனிபோல்ட் வாயில் இருந்து 15 முதல் 30 செ.மீ. தள்ளி, நேரான குழாயில் வைத்தால் கலக்க நேரம் கிடைக்கும். நான் இடமில்லை என்று வாயிலேயே வைத்தேன். துளிகள் காற்றைப் போல வளைந்து திரும்பாது, நேரே போகும், ஆகவே சில சிலிண்டருக்குக் கூட, சிலதுக்குக் குறைய. என் காரில் முதலாம் சிலிண்டரின் பிளக் மட்டும் மற்ற மூன்றையும் விட வெளுத்திருந்தது, அதற்குத் தண்ணி குறைந்து சூடு கூடுது என்பதன் அடையாளம். அதைக் கண்டும் "பரவாயில்லை" என்று திருப்பிப் பூட்டினவன் நான். காற்றுச் சூடு பார்க்கும் சென்சரும் நொசிலுக்குப் பிறகு இருக்கக்கூடாது. நனைந்த சென்சர் உண்மையான சூட்டை விடக் குறைத்துக் காட்டும், ஈ.சீ.யூ அதை நம்பி டைமிங்கை, அதாவது பிளக் பொறி அடிக்கும் நேரத்தை, முன்னுக்குத் தள்ளும், நொக் கூடும்.

இவ்வளவும் தேறி, மூன்று மாதம் கார் அருமையாக ஓடியது. ஓமந்தையில் இருந்து வரும்போது மத்தியான வெயிலிலும் நொக் இல்லை. நம்பிக்கை வந்து, 5,000 சுற்றில் கிராங்க் கோணத்தில் 14 பாகையாக இருந்த டைமிங்கை 18 ஆக்கினேன். அதாவது அந்தத் தண்ணி அடிக்காவிட்டால் எஞ்சின் தாங்காது என்ற நிலைக்கு நானே அதைக் கொண்டுபோய் விட்டேன்.

பிறகு தண்ணி. நான் கலந்தது பற்றரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணி. ஒருநாள் அது முடிந்துபோச்சு, வீட்டில் வடிகட்டியில் வந்த தண்ணி இருந்தது, சுத்தமாகத்தானே இருக்குது என்று ஐந்து லீற்றர் ஊற்றினேன். வடிகட்டின தண்ணி வேறு, வடித்த தண்ணி வேறு. எங்கள் நிலத்தடி நீர் எவ்வளவு வன்மை என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தால் போதும், அடியெல்லாம் வெள்ளைப் படை. சாதாரண வடிகட்டி மண்ணையும் மணத்தையும் பிடிக்கும், கரைந்திருக்கும் கல்சியத்தைப் பிடிக்காது. மெதனோல் சேர்ந்தவுடன் அந்த உப்புகள் கரைந்து நிற்கும் சக்தியும் குறையும். கலவை இலேசாகக் கலங்கியிருந்தது, நான் அது நிழல் என்று நினைத்தேன். எஞ்சின் நிற்க, சூடான குழாயில் இருக்கும் நொசில் நுனியில் மிஞ்சின துளி காய்ந்து உப்பை விட்டுவிட்டுப் போகும். அரை மில்லிமீற்றர் கூட இல்லாத துளை. நாலைந்து கிழமையில் பாதி அடைபட்டது.

எனக்கு ஏன் தெரியவரவில்லை? பாதுகாப்புக்கு என்று ஒரு அமுக்கச் சுவிட்ச் வைத்திருந்தேன், அமுக்கம் இருந்தால் பச்சை விளக்கு. நொசில் அடைபட்டால் அமுக்கம் குறையாது, கூடும். பச்சை விளக்கு முன்னை விட நன்றாகவே எரிந்தது! மறுபக்கம், குழாய் கழன்று கலவை ரோட்டில் ஊற்றும்போது ஓட்டத்தை மட்டும் பார்த்தால் "நிறையப் போகுது, நல்லது" என்றுதான் காட்டும். ஆகவே அமுக்கம் பார்க்கும் சுவிட்ச் வேலைக்கு ஆகாது. ஓட்டம் அளக்கும் சென்சர் வேணும், அதிலும் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் வைக்கவேணும். என் 188 மி.லி.க்கு 150 கீழ், 225 மேல்.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் ஒரு லொறியை முந்தினபோது ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை. முதலாம் சிலிண்டரின் பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரம்பு உடைந்திருந்தது. ஏற்கெனவே குறையத் தண்ணி குடித்தது அதுதானே, முதலில் போனதும் அதுதான். பிஸ்டன், ரிங், போரிங், கெட் கஸ்கெற், கூலி எல்லாம் 3,40,000. கார் பதினொரு கிழமை கட்டையில் நின்றது. ரோட்டில் நின்றுகொண்டு நொசிலைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபோது வந்த கோபத்தை யார் மேலே போட? தண்ணியை ஊற்றின கை என்னுடையது.

திரும்பப் பூட்டும்போது நான் முதலில் செய்தது காவல் வேலை, பவர் பிறகு. டேர்போவில் வேஸ்ட்கேற் என்ற புகைக் கதவைத் திறந்து பூஸ்டை விடலாம், பெல்டில் ஓடும் சாஜரில் அது இல்லை. ஆனால் இந்த எஞ்சினின் சாஜரில் மின்காந்தக் கிளச் இருக்கிறது, ஏசி கொம்பிரசரில் இருப்பது போல. ஓட்டச் சென்சரின் எல்லை மீறினால் ஒரு ரிலே அந்தக் கிளச்சின் மின்சாரத்தை அறுக்கும்படி செய்தேன். சாஜர் கழன்று, எஞ்சின் சாஜரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வு வழியாகச் சாதாரணமாக மூச்சுவிடும், பூஸ்ட் பூச்சியம். அதே நேரம் ஈ.சீ.யூ 14 பாகை வரைபடத்துக்கு மாறும். ரிலே தானாகத் திரும்ப ஒட்டக்கூடாது. 6,000 சுற்றில் கிளச் மறுபடி பிடித்தால் பெல்டும் கிளச் தட்டும் தேயும். சாவியை நிறுத்தித் திரும்பப் போட்டால்தான் ஒட்டும் மாதிரி வயர் செய்யவேணும். கிளச் இல்லாத சாஜர் என்றால் பைபாஸைத் திறக்க வழி பாருங்கோ, அதுவும் ஏலாவிட்டால் டைமிங்கைப் பின்வாங்கி, சுற்றை வெட்டி விடவேணும். சென்சரும் வேலையும் 38,000.

டியூன் செய்யும் ஒழுங்கையும் மாற்றினேன். முதலில் பொனற்றுக்கு வெளியே நொசிலைப் போத்தலுக்குள் பிடித்து ஒரு நிமிசம் அடித்து அளந்தேன், வந்தது 182. பிறகு வெறும் வடித்த தண்ணியோடு, டைமிங்கைத் தொடாமல் ஓடினேன். பிளக்கும் ஒரு படி குளிரான வகை போட்டேன், இடைவெளி 0.7 மி.மீ., கூட வைத்தால் தண்ணிப் பனி தீப்பொறியை அணைக்கும். நொக் கேட்க ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி புளொக்கில் போல்டால் இறுக்கி, ஹோஸ் வழியாகக் காதுக் கவசத்துக்குள் விட்டேன், ஐம்பது ரூபாய் வேலை மாதிரி இருந்தாலும் நன்றாகக் கேட்கும். நொக்குக்கு மின்சென்சர் வைப்பவர்கள் இந்த எஞ்சினின் 81 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்கு 7 கிலோஹேர்ட்ஸ் பக்கம் கேட்கவேணும். பிறகுதான் மெதனோல். பாதிக்குப் பாதி கலவையில் அது கொண்டுவரும் எரிபொருள் பெற்றோலில் 3.5 வீதத்துக்குத்தான் சமன், ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று எத்தனை பங்கு என்ற விகிதம் 11.8இல் இருந்து 11.4க்கு வந்தது. அதைச் சரிக்கட்ட மேலே பெற்றோலை வெட்டாதீர்கள், கலவை நின்ற அந்தக் கணமே எஞ்சின் எரிபொருள் போதாமல் வரண்டுபோகும். டைமிங் ஒவ்வொரு பாகையாக, ஒவ்வொரு பாகைக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்து. நான் 16இல் நிற்பாட்டினேன். இதெல்லாம் ஏ9இல் செய்கிற வேலை இல்லை, 70க்கு மேலே போக சட்டமும் விடாது, குறுக்கே வரும் மாடும் விடாது. கொழும்புப் பக்கம் காரை நிற்கவைத்தே ஓட்டிப் பவர் அளக்கும் டைனோவுக்கு இரண்டு தரம் போய்வந்தேன், 60,000. மொத்தக் கணக்கு 6,05,000 ரூபாய், எட்டு மாதம். காவல் சென்சரை முதல் நாளே பூட்டியிருந்தால் அதில் பாதிக்கு மேலே மிஞ்சியிருக்கும்.

மெதனோல் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லுறன். கள்ளச் சாராயத்தில் ஆட்களைக் கொல்லுவது இதுதான். 10 மி.லி. உள்ளே போனால் கண் போகலாம், 30 மி.லி. உயிரை எடுக்கலாம். எங்கள் வீடுகளில் மண்ணெண்ணெய் முதல் எல்லாமே சோடாப் போத்தலில்தான் நிற்கும், இதை ஒருநாளும் அப்படி வைக்காதீர்கள். பூட்டுப் போட்ட இடம், வந்த கலன், மேலே தமிழிலும் சிங்களத்திலும் நஞ்சு என்று பெரிய எழுத்து. எனக்கு விற்ற கடையில் அடையாள அட்டையும் காரணமும் கேட்டார்கள், கேட்காமல் தருகிற இடத்தில் வாங்காதீர்கள். தோலாலும் ஊறும், கையுறை போடுங்கோ. பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. பாதி தண்ணி கலந்தாலும் எங்கள் வெயிலில் அது தீப்பிடிக்கும் சாமான்தான், ஆகவே டிக்கித் தாங்கியின் மூச்சுக்குழாய் காருக்கு வெளியே போகவேணும். விட்டன் ரப்பர் சீல் மெதனோலில் ஊதும், ஈ.பி.டி.எம் ரப்பர் நிற்கும். அலுமினியத் தாங்கியை அது அரிக்கும், தடித்த பிளாஸ்ரிக் நல்லது. இங்கே பனி உறையாது, ஆகவே மெதனோல் இல்லாமல் வெறும் தண்ணியோடு ஓடுவதும் முட்டாள்தனம் இல்லை. சூட்டை இறக்குவதில் தண்ணிதான் பெரியவன். நான் இப்போது 30 வீதம்தான் கலக்கிறேன். கலக்கு முன் தண்ணியை, கரைந்த உப்பைக் காட்டும் ஒரு டி.டி.எஸ் மீற்றரால் பார்ப்பேன், 5க்கு மேலே காட்டினால் அது பூமரத்துக்கு. வாங்கும்போது பற்றரி அசிட்டையும் பற்றரித் தண்ணியையும் மாறி எடுத்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே தட்டில்தான் அடுக்கியிருக்கும்.

போன மாதம் முறிகண்டியைத் தாண்டுகிற நேரம் சிவப்பு விளக்கு எரிந்து, சாஜர் "டக்" என்று கழன்றது. நொக் இல்லை, புகை இல்லை, கார் வெறும் 1.6 ஆகிவிட்டது. பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தி நொசிலைக் கழற்ற, துளைக்குள் வெள்ளை நூல் ஒன்று, குழாய் இணைப்பில் நான் சுற்றின தெப்லோன் ரேப்பின் கிழிசல். அந்த இணைப்புகளுக்கு ரேப் சுற்றக்கூடாது, திரவச் சீலந்தான் பூசவேணும், அதுவும் முதல் இரண்டு புரியை விட்டு. ஊசி ஒன்றால் நூலை எடுத்தேன், திரும்பப் பூட்டினாலும் நொசிலை அளக்காமல் சாஜரை ஒட்டவிட மனம் வரவில்லை, கிளச்சின் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு சுருள் கச்சானோடு 60இல் வீடு வந்தேன்.